ஒய்பிசிஓ மீக்கடத்தி: பொடி கலப்பதிலிருந்து மின்தடை அளப்பது வரை முழுமையான வழிகாட்டி

இட்ரியம் பேரியம் காப்பர் ஆக்சைடு (ஒய்பிசிஓ) வில்லை செய்ய முனைபவர்கள் பலர் 940 டிகிரி என்ற ஓர் எண்ணையே பிடித்துக்கொள்கிறார்கள். அந்த வெப்பநிலையில் கிடைப்பது சரியான படிகக் கட்டுமானம் மட்டுமே. அது மீக்கடத்தி (மின்தடையே இல்லாத பொருள்) ஆவது உலை இறங்கும் வழியில், ஏறத்தாழ 650-க்கும் 400-க்கும் இடையில், சுற்றியிருக்கும் ஆக்சிஜனைப் படிகம் உள்ளே இழுத்துக்கொள்ளும்போது. வில்லை தோற்றுப்போனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது இந்த இறக்கத்தைத்தான். ஆகவே இங்கே ஏற்றத்தைவிட இறக்கத்துக்கே இடம் அதிகம். கீழே டிகிரி என்று வருவதெல்லாம் செல்சியஸ். குளிர்நிலை அளவுகள் கெல்வினில்.

ஏன் ஒய்பிசிஓ?

1986-இல் சூரிச்சில் உள்ள ஐபிஎம் ஆய்வகத்தில் பெட்நோர்ட்ஸும் முல்லரும் லாந்தனம் பேரியம் காப்பர் ஆக்சைடில் 30 கெல்வினை ஒட்டி மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே நோபல் பரிசு வந்தது. 1987 தொடக்கத்தில் லாந்தனம் இருந்த இடத்தில் இட்ரியத்தை வைத்து, வூ, பால் சூ ஆகியோரின் குழுக்கள் 93 கெல்வினை எட்டின. திரவ நைட்ரஜன் கொதிப்பது 77 கெல்வினில். விலைமிகுந்த திரவ ஹீலியம் இல்லாமல், திரவ நைட்ரஜனிலேயே சோதிக்கக்கூடிய முதல் மீக்கடத்தி இதுதான்.

இதைவிட உயர்ந்த வெப்பநிலையில் வேலை செய்பவை உண்டு. பிஸ்மத் 2223 சுமார் 110 கெல்வின், தாலியம் 2223 சுமார் 125, மெர்குரி 1223 சுமார் 134 (பெயரிலுள்ள எண்கள் உலோக அணுக்களின் விகிதம்). ஆனால் தாலியம் கொடிய நஞ்சு. மெர்குரிச் சேர்மத்தை மூடிய குவார்ட்ஸ் குழாய்க்குள் செய்ய வேண்டும். குழாய் வெடித்தால் ஆய்வகம் முழுக்கப் பாதரச ஆவி. பிஸ்மத் 2223 நஞ்சு அளவில் பரவாயில்லை என்றாலும், கொஞ்சம் ஈயம் கலந்து, 840–860 டிகிரி என்ற ஒடுங்கிய இடைவெளிக்குள் நூறு மணி நேரத்துக்கு மேல் உலையைப் பிடித்துவைக்க வேண்டும். முதல் முயற்சிக்கு ஒய்பிசிஓதான் சரி.

ஆக்சிஜன் என்ன செய்கிறது

ஒரு இட்ரியம், இரண்டு பேரியம், மூன்று காப்பர் என்பதால் இதை 123 என்றும் சொல்வார்கள். இதன் படிகத்தில் காப்பரும் ஆக்சிஜனும் இரண்டு விதமாக அமைகின்றன. ஒன்று தளங்கள், மின்சாரம் தடையின்றி ஓடுவது இவற்றில். மற்றது சங்கிலிகள்; தளங்களுக்குத் தேவையான மின்துளைகளை (எலக்ட்ரான் இல்லாத, நேர்மின்னாக நடந்துகொள்ளும் இடங்களை) வழங்குவது இவற்றின் வேலை. சங்கிலியில் ஆக்சிஜன் நிறைந்திருந்தால் தளத்தில் மீக்கடத்தல் நடக்கும்.

ஆக்சிஜன் எண் (ஓர் இட்ரியம் அணுவுக்கு எத்தனை ஆக்சிஜன் அணு என்பது) 6.9-க்கு மேல் இருந்தால் மாறுநிலை வெப்பநிலை (மீக்கடத்தல் தொடங்கும் வெப்பநிலை) 90 கெல்வினைத் தாண்டும். 6.6-ஐ ஒட்டி அது 60 கெல்வின் அளவுக்குச் சரிந்துவிடும். 6.4-க்கும் கீழே போனால் பொருள் மின்கடத்தாப் பொருளாகவே ஆகிவிடும். 940 டிகிரியில் உலைக்குள் இருக்கும்போது இந்த எண் 6.2–6.4 தான். அந்த நேரத்தில் வில்லையை வெளியே எடுத்துச் சட்டென்று குளிர்வித்தால், பார்வைக்கு நல்ல கறுப்பு வில்லை கிடைக்கும். 77 கெல்வினில் எதுவும் நடக்காது. அதே வில்லையை மறுபடி 450 டிகிரியில் ஆக்சிஜனில் ஒரு நாள் வைத்தால் மீக்கடத்தல் வந்துவிடும்.

மூலப்பொருட்கள்

இட்ரியம் ஆக்சைடு, பேரியம் கார்பனேட், காப்பர்(II) ஆக்சைடு. தூய்மை 99.9 சதவீதம் இருந்தால் போதும். இட்ரியம் ஆக்சைடு காற்றிலுள்ள ஈரத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் பிடித்துக்கொள்ளும். திறந்து நாளான புட்டி என்றால் எடை பொய் சொல்லும். எடைபோடுவதற்கு முன் அதை 900 டிகிரியில் சில மணி நேரம் சுட்டு, டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய கலம்) ஆறவைக்கவும். மற்ற இரண்டையும் 150 டிகிரியில் இரண்டு மணி நேரம் உலர்த்தினால் போதும்.

பேரியம் கார்பனேட் தண்ணீரில் கரையாது, ஆனால் வயிற்று அமிலத்தில் கரையும். விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. முகமூடி, கையுறை, புகைக்கூண்டு மூன்றும் இல்லாமல் இந்தப் பொடியை அரைக்க வேண்டாம். கழிவைத் தொட்டியில் கொட்டாமல், பேரியக் கழிவு என்று எழுதிய தனிப் புட்டியில் சேர்க்கவும்.

எடை

10 கிராம் இறுதிப் பொருளுக்கு:

- இட்ரியம் ஆக்சைடு 1.695 கிராம்
- பேரியம் கார்பனேட் 5.924 கிராம்
- காப்பர் ஆக்சைடு 3.582 கிராம்

மொத்தம் 11.201 கிராம். இதில் 1.321 கிராம் கார்பன் டை ஆக்சைடாக வெளியேறும். ஆக்சிஜன் எண் 7-ஐ எட்டும்வரை 0.12 கிராம் ஆக்சிஜன் உள்ளே வரும். இந்தக் கணக்கைக் குறித்துவையுங்கள், பின்னால் தேவைப்படும். மில்லிகிராம் வரை காட்டும் தராசு வேண்டும். காப்பரும் பேரியமும் சற்றுக் கூடினால், அவை சேர்ந்து 900 டிகிரியை ஒட்டி உருகும் கலவையாகி, வில்லையை மூசையோடு (சுடும் கிண்ணம்) ஒட்டவைத்துவிடும்.

அரைத்தல்

அகேட் கல்வத்தில் முதலில் இட்ரியம் ஆக்சைடையும் பேரியம் கார்பனேட்டையும் சேர்த்து அரைத்து, பிறகு காப்பர் ஆக்சைடைச் சேர்க்கவும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் கொஞ்சம் ஊற்றிக் கூழாக்கி, உலரும்வரை அரைக்க வேண்டும். குறைந்தது 30 முதல் 40 நிமிடம். போதுமா என்று பார்க்க, ஒரு சிட்டிகையைக் காகிதத்தில் விரலால் இழுங்கள். வெள்ளைக் கோடு தெரிந்தால் கலவை இன்னும் சேரவில்லை.

சுட்ட பிறகு வரும் மறு அரைப்புகளில் தண்ணீர் கூடவே கூடாது. உருவான 123 சேர்மத்தைத் தண்ணீர் சிதைக்கும். பேரியம் ஹைட்ராக்சைடாகப் பிரிந்து, காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து மறுபடி கார்பனேட்டாகிவிடும்.

முதல் சூடு

தனியாக இருந்தால் பேரியம் கார்பனேட் சிதைய இன்னும் பல நூறு டிகிரி வேண்டும். காப்பர் ஆக்சைடும் இட்ரியமும் பக்கத்தில் இருப்பதால்தான் 900-ஐ ஒட்டியே அது இறங்கிவருகிறது. அதனால் பொடிகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றனவோ அவ்வளவு விரைவில் வேலை முடியும். அரைத்துச் சுட்டு, மறுபடி அரைத்துச் சுடுவது இதற்காகத்தான்.

பொடியை அலுமினா மூசையில் அழுத்தாமல், சில மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பரப்பவும். நிமிடத்துக்கு 5 டிகிரி ஏற்றி, 900-இல் 12 மணி நேரம் வைத்துக் குளிர்விக்கவும். எடுத்து அரைத்து 920-இல் 12 மணி நேரம். மறுபடி அரைத்து 930-இல் 12 மணி நேரம். உலையின் புகைவழி திறந்திருக்க வேண்டும். வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு உள்ளேயே தேங்கினால் வினை அப்படியே நின்றுவிடும். மூசையை மூடிபோட்டு இறுக்குவதும் இதே தவறுதான்.

முதல் சூட்டில் பொடி அடர் சாம்பலாகவோ பச்சை கலந்த கறுப்பாகவோ வரலாம். பச்சை என்பது 211 எனப்படும் இட்ரியம் மிகுந்த சேர்மம். இரண்டாம், மூன்றாம் சூட்டில் அது கரைந்து, பொடி முழுக்கக் கறுப்பாக வேண்டும். மூசைச் சுவரில் ஒட்டியதைச் சுரண்டிச் சேர்க்காதீர்கள். அலுமினாவிலிருந்து அலுமினியம் அதில் ஏறியிருக்கும்.

ஒவ்வொரு சூட்டுக்கும் முன்னும் பின்னும் மூசையோடு எடை பார்க்கவும். அரைக்கும்போது சிந்தியதைக் கழித்த பிறகு, 11.2 கிராம் கலவை 9.9-க்கும் 10.0-க்கும் நடுவே வந்திருந்தால் கார்பனேட் வெளியேறிவிட்டது. 10.1-இலேயே நின்றால் இன்னொரு சூடு வேண்டும். எக்ஸ்-கதிர் கருவி இல்லாத இடத்தில் இதைவிட மலிவான, நம்பகமான சோதனை கிடையாது.

உலையின் எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம். கே வகைத் தெர்மோகப்பிள் (உலையின் வெப்பநிலை உணரி) வயதானால் பத்துப் பதினைந்து டிகிரி தவறு சாதாரணம். மெல்லிய தூய வெள்ளிக் கம்பி ஒன்றை வில்லை இருக்கும் இடத்தில், அலுமினாத் துண்டின்மேல் வைத்துச் சோதியுங்கள். வெள்ளியின் உருகுநிலை 961.8 டிகிரி. காற்றில் அது ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்வதால் சுமார் பத்து டிகிரி முன்பே உருகிவிடும். திரை 940 காட்டும்போது கம்பி உருண்டையானால் உலை சொல்வதைவிடச் சூடாக இருக்கிறது. 123 காற்றில் 1010 டிகிரியை ஒட்டித் தானே சிதைந்து உருகும். மிச்ச பேரியம் காப்பர் சேர்மம் இருந்தால் அதற்கு வெகு முன்பே வில்லை வியர்க்கத் தொடங்கும்.

வில்லை அழுத்துதல்

கடைசியாக அரைத்த பொடியில் 1.5 கிராம் எடுத்து, 13 மில்லிமீட்டர் டையில் 4 முதல் 5 டன் விசையில் இரண்டு நிமிடம் அழுத்தவும். விசையை மெதுவாக விடுங்கள். சட்டென்று விட்டால் வில்லையின் மேற்பகுதி தொப்பி கழல்வதுபோல் பிரிந்துவிடும். தடிமன் 3 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக வரும். பசையாகப் பாலிவினைல் ஆல்கஹால் சேர்க்கும் பழக்கம் சிலருக்கு உண்டு. இங்கே அது தேவையில்லை. கார்பனை வெளியேற்ற இவ்வளவு பாடுபட்ட பிறகு மறுபடி அதையே உள்ளே விடுவானேன்?

விசையைக் கூட்டி அடர்த்தியை ஏற்றினால் நல்லது என்று தோன்றும். முழு அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 6.4 கிராம். அதில் 80 முதல் 90 சதவீதம் இருந்தால் போதும். மீதித் துளைகள் வழியாகத்தான் ஆக்சிஜன் உள்ளே போகிறது. துளையே இல்லாத வில்லைக்கு ஒரு நாள் போதாது, பல நாள் பிடிக்கும்.

சின்டரிங்கும் (உருகாமல் சுட்டுப் பொடியை இறுக்குவது) ஆக்சிஜன் ஊட்டலும்

வில்லையை நேராக அலுமினாவின் மேல் வைக்க வேண்டாம். அதே 123 பொடியைப் படுக்கையாகப் பரப்பி, அதன்மேல் வைக்கவும். குழாய் உலையில் நிமிடத்துக்கு 50 முதல் 100 மில்லிலிட்டர் ஆக்சிஜன் ஓடட்டும்.

1. நிமிடத்துக்கு 3 டிகிரி வீதம் 940 வரை ஏற்றவும்.
2. 940-இல் 12 முதல் 16 மணி நேரம்.
3. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் 450 வரை இறக்கவும்.
4. 450-இல் 24 மணி நேரம்.
5. நிமிடத்துக்கு 1 டிகிரி வீதம் அறை வெப்பநிலைக்கு.

மூன்றாம் படியில் நான்முகப் படிகம் செஞ்சாய்சதுரப் படிகமாக மாறுகிறது. தூய ஆக்சிஜனில் இது 700-ஐ ஒட்டியும், காற்றில் அதற்குக் கொஞ்சம் கீழேயும் நடக்கும். அப்போது படிகம் ஒரு திசையில் நீண்டு மறு திசையில் சுருங்கும். வேகமாக இறக்கினால் வெடிப்பு விழும். நான்காம் படிக்கு ஏன் 450? அதற்கு மேலே படிகம் குறைந்த ஆக்சிஜனோடு திருப்தியடைந்துவிடும். 350-க்குக் கீழே அதிக ஆக்சிஜனை விரும்பினாலும் அணுக்கள் நகர மாட்டா. 400–450 இரண்டுக்கும் இடையிலான சமரசம்.

ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாவிட்டால் சாதாரண மஃபிள் உலையில் காற்றிலேயே செய்யலாம். மணிக்கு 30 டிகிரி வீதம் இறக்கி, 450-இல் கூடுதலாக ஒரு நாள் வையுங்கள். மாற்றம் சற்று அகலமாக இருக்கும், ஆனால் 77 கெல்வினில் வேலை செய்யும்.

ஆக்சிஜன் ரெகுலேட்டரிலும் இணைப்புகளிலும் எண்ணெய்ப் பசை துளியும் கூடாது, தீப்பிடிக்கும். வெளியேறும் குழாயைத் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி பார்ப்பவர்கள், இடையில் ஒரு வெற்றுக் குடுவையை வைக்க வேண்டும். உலை குளிரும்போது வாயு சுருங்கி, தண்ணீர் குழாய்க்குள் ஏறிவிடும். சூடான பீங்கான் குழாய் அதோடு சரி.

மிதப்புச் சோதனை

தெர்மோகோல் கிண்ணத்தில் வில்லையை வைத்துத் திரவ நைட்ரஜனை மெதுவாக ஊற்றவும். கொதிப்பு அடங்கினால் வில்லை 77 கெல்வினை எட்டிவிட்டது. 4 அல்லது 5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறிய நியோடிமியம் காந்தத்தைப் பிளாஸ்டிக் இடுக்கியால் மேலே வைத்தால், சில மில்லிமீட்டர் உயரத்தில் நிற்கும். பெரிய காந்தத்தை வைத்துவிட்டு வில்லை மோசம் என்று முடிவுகட்ட வேண்டாம். சின்டர் செய்த வில்லையால் தாங்கக்கூடிய எடை குறைவு.

இன்னொரு சோதனை உண்டு. காந்தத்தை முதலிலேயே வில்லைமேல் வைத்து, பிறகு குளிர்வியுங்கள். காந்தம் தானாகக் கொஞ்சமாவது எழும்பினால் அது மெய்ஸ்னர் விளைவு, அதாவது மீக்கடத்தி தன்னுள் இருக்கும் காந்தப்புலத்தை வெளியே தள்ளுவது. வெறும் மின்தடையற்ற கடத்தியாக மட்டும் இருந்தால் ஏற்கெனவே உள்ளே இருந்த காந்தப்புலத்தை அது வெளியே தள்ளாது. இந்த வகை வில்லையில் எழுச்சி மிகச் சிறிது. பக்கவாட்டில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டர் திரவ நைட்ரஜன் ஆவியானால் சுமார் 700 லிட்டர் வாயு. சிறிய மூடிய அறையில் ஆக்சிஜன் குறைந்து மயக்கம் வரும், முன்னறிவிப்பே இருக்காது. இறுக்கமான மூடி போட்ட பாத்திரம் வெடிக்கும். கண்ணாடி அணியுங்கள், கையுறை எளிதில் உதறிக் கழற்றும்படி தளர்வாக இருக்கட்டும்.

மின்தடை அளவீடு

வில்லையிலிருந்து 10 × 3 × 2 மில்லிமீட்டர் பட்டை ஒன்றை, தண்ணீர் இல்லாமல் வைர வாளால் வெட்டிக்கொள்ளவும். நான்கு முனை முறை (இரண்டு முனைகளில் மின்னோட்டம் செலுத்தி, வேறு இரண்டில் மின்னழுத்தம் அளப்பது) தவிர வேறு எதுவும் இங்கே பயன்படாது. நல்ல வில்லையின் மின்தடை எண் (அளவைச் சாராமல் பொருளுக்கே உரிய தடை) அறை வெப்பநிலையில் சுமார் 1 மில்லிஓம் சென்டிமீட்டர். மின்னழுத்த முனைகளுக்கு இடையே 5 மில்லிமீட்டர் இருந்தால் மின்தடை சுமார் 8 மில்லிஓம். 10 மில்லிஆம்பியர் செலுத்தினால் கிடைப்பது 80 மைக்ரோவோல்ட் மட்டுமே. கம்பிகளின் மின்தடையே இதைப் போலப் பல மடங்கு என்பதால் இரு முனை அளவீட்டில் மாற்றம் மூழ்கிப்போகும்.

வெள்ளிப் பசையால் முனைகளை ஒட்டி, பட்டையோடு சேர்த்து 450 டிகிரியில் ஆக்சிஜனில் ஒரு மணி நேரம் சுட்டால் தொடுதடை வெகுவாகக் குறையும். வெப்ப மின்னழுத்தம் சில மைக்ரோவோல்ட் வரும். ஒவ்வொரு புள்ளியிலும் மின்னோட்டத்தைத் திருப்பி அளந்து, வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அது நீங்கிவிடும்.

வெப்பநிலைக்குப் பிளாட்டினம் 100 ஓம் உணரி போதும். அது 77 கெல்வினில் சுமார் 20.3 ஓமும், 92 கெல்வினில் சுமார் 26.6 ஓமும் காட்டும். பட்டையையும் உணரியையும் ஒரே செம்புக் கட்டையில், நடுவே மெல்லிய காகிதக் காப்போடு பொருத்துங்கள். நைட்ரஜனுக்கு மேலே தொங்கவிட்டு, மெதுவாக இறக்கியும் ஏற்றியும் அளக்கவும். இறங்குவளைவும் ஏறுவளைவும் ஓரிரு கெல்வினுக்கு மேல் விலகினால் வேகம் அதிகம்.

நல்ல வில்லையில் மின்தடை நேர்கோடாகக் குறைந்து, 92-ஐ ஒட்டிச் சரிந்து, 90-க்குள் கருவியின் இரைச்சலுக்குள் மறையும். 92-இல் சரியத் தொடங்கி 80-இலும் பூச்சியத்தைத் தொடாவிட்டால், படிகமணிகள் நல்லவை, மணிகளுக்கு இடையிலான எல்லைகள் மோசம். மிச்ச கார்பனேட்டோ உருகிய சேர்மமோ அங்கே படிந்திருக்கும். சரிவே 60-ஐ ஒட்டித்தான் என்றால் அது ஆக்சிஜன் குறைவு. குளிரக்குளிர மின்தடை ஏறிக்கொண்டே போனாலும் முதல் சந்தேகம் அதுவே.

எக்ஸ்-கதிர் கருவி கிடைத்தால், செம்பு கதிர்வீச்சில் 32.5–32.9 டிகிரிக் கோணத்திலுள்ள இரட்டை முகட்டைப் பாருங்கள். இடம் குட்டை, வலம் உயரம் என்றால் ஆக்சிஜன் நிறைந்த வடிவம். இடம் உயரம், வலம் குட்டை என்றால் ஊட்டல் நடக்கவில்லை. 30 டிகிரியை ஒட்டிய முகடுகள் 211-ஐயும், 35.5 மற்றும் 38.7-இல் வருபவை வினைபடாத காப்பர் ஆக்சைடையும் காட்டும்.

ஆக்சிஜன் எண்ணை அளப்பது

அயோடின் தரம்பார்த்தல் (வெளிவரும் அயோடினைத் தெரிந்த செறிவுள்ள கரைசலால் அளப்பது) போதும். சுமார் 50 மில்லிகிராம் வீதம் இரண்டு பங்கு பொடியைத் துல்லியமாக எடை போடுங்கள். முதல் பங்கை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கொதிக்கவைத்து, உயர் காப்பரைச் சிதைத்து, ஆறிய பின் பொட்டாசியம் அயோடைடு சேர்த்துத் தயோசல்பேட்டால் தரம்பார்க்கவும். இரண்டாம் பங்கை, ஆர்கான் ஓடும் குடுவையில் அயோடைடு ஏற்கெனவே கலந்த அமிலத்தில் நேரடியாகக் கரைத்துத் தரம்பார்க்கவும். ஒரு கிராமுக்கான தயோசல்பேட் அளவில், இரண்டாவதை முதலாவதால் வகுத்து 1-ஐக் கழித்து, 1.5-ஆல் பெருக்கி, 6.5-ஐக் கூட்டினால் ஆக்சிஜன் எண். விகிதம் 1.28 என்றால் எண் 6.92. காற்று உள்ளே போனால் அயோடைடு தானே ஆக்சிஜனேற்றமடைந்து எண்ணை உயர்த்திக் காட்டும். 7-க்கு மேல் விடை வந்தால் ஆர்கானைச் சரிபாருங்கள்.

எவ்வளவு மின்னோட்டம் தாங்கும்

மின்தடை பூச்சியமானதும் கம்பியாக்கிவிடலாம் என்று நினைப்பவர்களை மணி எல்லைகள் தடுத்துவிடும். சின்டர் செய்த வில்லை 77 கெல்வினில் தாங்குவது ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சில நூறு ஆம்பியர். சில மில்லிடெஸ்லா காந்தப்புலம் பட்டாலே அதுவும் சரியும். ஒரே திசையில் வளர்த்த மெல்லிய படலம் அதே வெப்பநிலையில் பத்து லட்சம் ஆம்பியரைத் தாண்டும். பக்கத்துப் பக்க மணிகளின் திசை சில டிகிரிக்கு மேல் விலகினால் மின்னோட்டம் அடுக்குக்குறி வேகத்தில் குறைகிறது. அதனால்தான் வணிக நாடாக்களில் உலோகப் பட்டையின்மேல் இடைப்படலங்களை வரிசைப்படுத்தி வளர்த்து, அதன்மேல் ஓரிரு மைக்ரோமீட்டர் தடிமனுக்கு மட்டும் மீக்கடத்தியைப் படியவைக்கிறார்கள்.

மிதப்புக்கு வலுவான கட்டி வேண்டுமானால் வழி வேறு. 211 பொடியைக் கூடுதலாகச் சேர்த்து, மேலே சமேரியம் 123 அல்லது நியோடிமியம் 123 விதைப்படிகம் வைத்து, 1040-ஐ ஒட்டி உருக்கி, 1000-ஐச் சுற்றி மணிக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக இறக்குவார்கள். ஒரே பெரிய மணியாக வளரும் அந்தக் கட்டிக்கு ஆக்சிஜன் ஊட்ட ஒரு வாரத்துக்கு மேல் ஆகும்.

பாதுகாத்து வைத்தல்

நைட்ரஜனிலிருந்து எடுத்த வில்லைமேல் உறைபனி படியும். அது உருகி உள்ளே இறங்குவதற்குள் வெதுவெதுப்பான காற்றால் உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட டெசிக்கேட்டரில் வைக்கவும். மேலே வெள்ளைப் பூச்சு தெரிந்தால் அது பேரியம் கார்பனேட். மேற்பரப்பைத் தேய்த்து நீக்கி, 450-இல் ஒரு நாள் ஆக்சிஜன் ஊட்டினால் பெரும்பாலும் மீளும். உள்வரை வெளுத்திருந்தால் அரைத்து, 930-இல் 12 மணி நேரம் சுட்டு, வில்லை அழுத்தும் படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.